ஏதுவும் முடிவும்

"கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. கண்ணும் காதும் நமக்குச் செய்திகளைக் கொணர்ந்து தருகின்றன. அச்செய்திகளை ஆராய்ந்து ஒரு முடிவிற்கு வருதல் அறிவின் தொழிலாகும். செய்தி மெய்யாக இருப்பினும், அதிலிருந்து நாம் காணும் முடிவு பிழைபடுதல் உண்டு. வாசல் நனைந்திருப்பதைக் கண்ட ஒருவன், "இரவு மழை பெய்தது" என்று கூறுகிறான். வாசல் நனைந்திருப்பது உண்மையே. ஆனால், வைகறையில் எழுந்த பெண்கள் கோலமிடுவதற்காக நீர் தெளித்திருக்கலாம் அன்றோ? மழை பெய்தால் வாசல் நனையும் என்பதனால், வாசல் நனைந்தபோதெல்லாம் மழை பெய்தது என்று கொள்ளுதல் பொருந்தாது. சான்றுக்கும் முடிவுக்கும் இடையே உள்ள இவ்விடைவெளியைக் கண்டறியும் திறனே ஆய்வுத் திறன் எனப்படும்.

இத்திறனை அளந்தறிதற்கென்றே ஒருவகை வினாக்கள் நுழைவுத் தேர்வுகளில் இடம்பெற்றுள்ளன. அமெரிக்க நாட்டில் சட்டக் கல்லூரிகளில் சேர விரும்புவோர்க்கு 1948ஆம் ஆண்டு முதலும், வணிக மேலாண்மை மேற்படிப்பில் சேர விரும்புவோர்க்கு 1954ஆம் ஆண்டு முதலும் பொதுத் தேர்வுகள் நடைபெற்று வருகின்றன. முன்னது எல்சாட் என்றும், பின்னது ஜிமேட் என்றும் இன்று வழங்குகின்றன. நம் நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்துத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர விரும்பும் மாணவர் கிளாட் என்னும் தேர்வை எழுதுகின்றனர். திருச்சிராப்பள்ளியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் இத்தேர்வின் வாயிலாக மாணவரைச் சேர்த்துக்கொள்கிறது. 2020ஆம் ஆண்டு முதல் கிளாட் தேர்வின் வினாக்கள் உரைப்பகுதிகளைப் படித்து விடை காணும் முறையில் அமைந்துள்ளன.

இத்தேர்வுகளில் வரும் ஆய்வு வினாவின் அமைப்பு எளியது. முதற்கண் ஒரு சிறு பத்தி நிற்கும். அதில் ஒருவர் சில செய்திகளைக் கூறி, ஒரு முடிவை நிலைநாட்ட முயல்வார். அதனை அடுத்து ஒரு வினா வரும். "இம்முடிவை மிகுதியும் தளரச் செய்வது யாது?" "இம்முடிவிற்கு வலிவூட்டுவது யாது?" "இவ்வாதம் எதனைச் சொல்லாமலே ஏற்றுக்கொண்டுள்ளது?" என்பன போன்றன அவ்வினாக்கள். கீழே நான்கோ ஐந்தோ விடைகள் தரப்பெற்றிருக்கும். அவற்றுள் பொருத்தமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். வேண்டிய செய்தியெல்லாம் தாளிலேயே இருத்தலால், இவ்வினாக்கள் நினைவாற்றலை அளப்பன அல்ல. அவ்வாறிருந்தும் நன்கு கற்ற மாணவர் பலர் இங்கே இடர்ப்படுகின்றனர். காரணம் யாது? அவர்கள், "இச்செய்தி உண்மையா?" என்று ஆராய்கின்றனர். வினாவோ, "இச்செய்தி உண்மையானால், இம்முடிவு அதிலிருந்து பிறக்குமா?" என்று கேட்கின்றது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவன் பாதி வழியைக் கடந்தவனாவான்.

எந்த வாதத்திற்கும் மூன்று உறுப்புகள் உண்டு. நிலைநாட்ட விரும்பும் கருத்து முடிவு எனப்படும். அதற்குக் காரணமாகக் காட்டும் செய்தி ஏது எனப்படும். ஏதுவிலிருந்து முடிவிற்குச் செல்லப் பாலம் போன்று உதவுவதும், வாயால் சொல்லப்படாமல் மறைந்து நிற்பதும் ஆகிய கருத்து எடுகோள் எனப்படும். முதல் இரண்டும் எழுத்தில் காணப்படும். மூன்றாவது எழுத்தில் காணப்படாது. காணப்படாத அப்பாலத்தைக் கண்டுபிடிப்பதே இவ்வினாக்களின் உயிர்நிலையாகும்.

இவ்வாராய்ச்சி தமிழர்க்குப் புதியதன்று. சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில், காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியை விளக்குகின்றார். மலையில் எழும் புகையைக் கண்டு அங்கே நெருப்புண்டு என்று துணிவதையும், அதற்கு அடுக்களையை எடுத்துக்காட்டாகக் கொள்வதையும் அங்கே காணலாம். நல்ல ஏதுவை விளக்குவதோடு அடிகள் நின்றுவிடவில்லை. ஏதுவைப் போலத் தோன்றி ஏமாற்றும் போலிகளையும் வகை வகையாக எடுத்துக் கூறுகின்றார். போலியை அறியாதவன் மெய்யையும் அறியான் என்பது அந்நூல் நமக்கு உணர்த்தும் பாடம்.

இனி, ஓர் எடுத்துக்காட்டால் இம்முறையை விளக்குவோம். கீழ்வரும் பத்தியைக் கருதுக:

"ஒரு நகரின் கடைத்தெருச் சந்திப்பில் சென்ற ஆண்டின் தொடக்கத்தில் போக்குவரத்து விளக்கு நிறுவப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் அச்சந்திப்பில் 40 விபத்துகள் நிகழ்ந்தன. விளக்கு நிறுவிய ஆண்டிலோ 22 விபத்துகளே நிகழ்ந்தன. ஆகவே, விபத்துகள் குறைந்தமைக்குப் போக்குவரத்து விளக்கே காரணம்."

வினா: கீழ்வருவனவற்றுள் எது உண்மையானால், இவ்வாதம் மிகுதியும் தளரும்?

(அ) விளக்கு நிறுவுவதற்கு நகராட்சிக்குப் பெருஞ்செலவு ஏற்பட்டது.
(ஆ) விளக்கு நிறுவிய அதே திங்களில், சரக்கு வண்டிகள் நகருக்குள் வாராமல் செல்வதற்குப் புறவழிச்சாலை ஒன்று திறக்கப்பட்டது.
(இ) அதே அளவு போக்குவரத்து உடையதும் விளக்கு இல்லாததும் ஆகிய வேறொரு சந்திப்பில் விபத்துகள் குறையவில்லை.
(ஈ) வேறொரு நகரில் விளக்கை மதியாமல் வண்டி ஓட்டுவோர் பலர் உளர்.
(உ) விளக்கு நிறுவிய பின்னரும் அச்சந்திப்பில் விபத்துகள் அடியோடு நின்றுவிடவில்லை.

விடைகளைப் படிக்குமுன் வாதத்தைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். முடிவு யாது? விளக்கே காரணம் என்பது. ஏது யாது? விளக்கு வந்தபின் விபத்து குறைந்தது என்பது. எடுகோள் யாது? விபத்தைக் குறைக்கத்தக்க வேறு மாறுதல் ஒன்றும் அக்காலத்தில் நிகழவில்லை என்பது. இவ்வெடுகோளைக் கண்டவுடன், விடை எவ்வாறு இருக்கும் என்பது நமக்கு முன்னரே தோன்றிவிடும். வேறு மாறுதல் ஒன்று நிகழ்ந்ததாகக் காட்டும் விடையே நாம் தேடுவது. அது (ஆ) ஆகும். புறவழிச்சாலை திறந்ததனால் வண்டிகள் குறைந்து, அதனால் விபத்தும் குறைந்திருக்கலாம்.

மற்ற நான்கும் ஏன் பிழை என்பதை அறிதலும் இன்றியமையாதது. (அ) செலவைப் பற்றியது. வாதமோ காரணத்தைப் பற்றியது. செலவு மிகுதி என்பதனால் விளக்கு விபத்தைக் குறைக்கவில்லை என்று ஆகாது. (இ) வாதத்திற்கு வலிவூட்டுகிறது. வலிவூட்டும் விடையைத் தளரச் செய்யும் வினாவிற்கு எழுதிவிடுதல், விரைவில் நேரும் பெரும்பிழையாகும். (ஈ) வேறோர் இடத்தைப் பற்றியது. இச்சந்திப்பைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. (உ) மாணவரைப் பெரிதும் மயக்கும் விடை. விபத்துகள் அடியோடு நின்றன என்று வாதம் கூறவில்லை. குறைந்தன என்றே கூறுகிறது. 22 விபத்துகள் நிகழ்ந்தன என்பது பத்தியிலேயே உள்ளது. வாதம் கூறாத ஒன்றை மறுத்தால், வாதத்தை மறுத்ததாகாது.

மேலே செய்தவற்றைத் தொகுத்து நோக்கினால் ஒரு நெறி புலனாகும். முதலாவது, பத்திக்கு முன்னரே வினாவைப் படித்துக்கொள்ளுதல் நன்று. தேடும் பொருள் இன்னதென்று அறிந்தவன், தேடுவதில் தடுமாறான். இரண்டாவது, முடிவைக் கண்டுபிடித்தல் வேண்டும். "ஆகவே", "ஆதலால்", "எனவே" என்னும் சொற்கள் பெரும்பாலும் முடிவிற்கு முன் நிற்கும். ஆயினும் முடிவு பத்தியின் இறுதியிலேயே வரும் என்று எண்ணற்க. முதலிலும் இடையிலும் வருதல் உண்டு. ஐயம் நேருமிடத்து ஒவ்வொரு வாக்கியத்தையும் நோக்கி, "இதனை ஏன் நம்ப வேண்டும்?" என்று வினவுக. மற்ற வாக்கியங்கள் எதற்கு மறுமொழி கூறுகின்றனவோ, அதுவே முடிவு. மூன்றாவது, எடுகோளை மனத்தில் உருவாக்குக. நான்காவது, விடை இவ்வாறு இருத்தல் கூடும் என்று தானே கருதிப் பார்க்க. இறுதியிலேதான் தந்துள்ள விடைகளை நோக்குதல் வேண்டும். இம்முறையை மாற்றி விடைகளை முதலிற் படிப்பவன், அவை இழுத்த இழுப்பிற்கெல்லாம் செல்வான்.

இந்நெறி தேர்வுத் தாளுக்கு மட்டுமே உரியதன்று. மக்களுடைய உயிர் ஊசலாடிய ஓரிடத்தில் இதே நெறி பயன்பட்ட வரலாறு ஒன்றுண்டு. அதனை அறிந்தால், வலிவூட்டும் சான்று எது, தளரச் செய்யும் சான்று எது, இரண்டும் அல்லாதது எது என்பன தெளிவாகப் புலப்படும்.

1854ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் இறுதியில், இலண்டன் நகரில் சோகோ என்னும் பகுதியில் காலரா நோய் திடீரெனப் பரவியது. பிராடு தெருவைச் சூழ்ந்த 250 கசத் தொலைவிற்குள் பத்து நாட்களில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நாளில் மருத்துவருள் பலர், அழுகிய பொருள்களிலிருந்து எழும் தீய காற்றே இந்நோயைப் பரப்புகிறது என்று நம்பினர். ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் இதற்கு மாறாக, நோய் குடிநீரின் வழியே பரவுகிறது என்று கருதினார். பிராடு தெருவில் ஒரு கைப்பம்பு இருந்தது. இறந்தோருள் பெரும்பாலார் அதன் அருகில் வாழ்ந்தவர் என்பதை அவர் கண்டார்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். பம்பின் அருகில் இருந்தவர் மாண்டனர் என்னும் செய்தி, ஸ்நோவின் முடிவை நிலைநாட்டுகிறதா? நிலைநாட்டவில்லை. ஏனெனில், பம்பின் அருகில் வாழ்ந்தவர் அப்பம்பின் நீரைக் குடித்ததோடு, அவ்விடத்துக் காற்றையும் சுவாசித்தனர். தீய காற்றே காரணம் என்பாரும் இதே செய்தியைத் தமக்குச் சான்றாகக் காட்டக்கூடும். இரண்டு முடிவுகளுக்கும் ஒருங்கே பொருந்தும் சான்று, அவற்றுள் எதனையும் மற்றதற்கு மேலாக நிறுவாது. ஒன்றற்குப் பொருந்தி மற்றொன்றற்குப் பொருந்தாத சான்றே வேண்டும். ஸ்நோ அத்தகைய சான்றுகளைத் தெருத்தெருவாகச் சென்று தேடினார்.

அப்பகுதியில் ஏழையர் இல்லம் ஒன்று இருந்தது. அதனைச் சூழ்ந்த வீடுகளிலெல்லாம் காலராவால் இறப்புகள் நேர்ந்தன. ஆயினும் அவ்வில்லத்தில் இருந்த 535 பேருள் ஐவரே அந்நோயால் இறந்தனர். அவ்வில்லத்திற்குத் தனிக் கிணறு இருந்தது. அங்கிருந்தோர் பிராடு தெருவின் நீரைக் கொள்வதில்லை. அத்தெருவிலேயே மதுவடிக்கும் ஆலை ஒன்றும் இருந்தது. அங்கே வேலை செய்த எழுபதிற்கு மேற்பட்டவருள் ஒருவரும் காலராவால் இறக்கவில்லை. பம்பின் அண்மையில் இருந்தும் அவர்கள் பிழைத்தது எங்ஙனம்? ஆலையில் அவர்களுக்கு மது அளிக்கப்பட்டது. ஆலைக்குள்ளேயே ஆழ்கிணறும் இருந்தது. அவர்கள் தெருப் பம்பை நாடவே இல்லை. இவ்விரண்டு இடங்களிலும் காற்று ஒன்றே, நீர்தான் வேறு. காற்றே காரணமானால் இவர்களும் மாண்டிருத்தல் வேண்டும்.

இதற்கு நேர்மாறான சான்று ஒன்றும் கிடைத்தது. இலண்டனுக்கு வடக்கே ஹாம்ப்ஸ்டெட் என்னும் இடத்தில் வாழ்ந்த ஒரு மூதாட்டி அந்நோயால் இறந்தார். அவர் பல திங்களாகப் பிராடு தெருப் பக்கமே வந்ததில்லை. அவர் வாழ்ந்த இடத்திலும் காலரா இல்லை. ஆனால், பிராடு தெரு நீரின் சுவையில் விருப்பமுடைய அவர்க்கு, நாள்தோறும் வண்டியில் ஒரு குப்பி நீர் அங்கிருந்து சென்றது. அந்நீரைக் குடித்த அவர்தம் உறவினர் பெண்ணும் வேறோரிடத்தில் இறந்தார். இங்கே காற்று வேறு, நீர் ஒன்று. முன்னைய சான்றும் இச்சான்றும் சேர்ந்தபோது, காற்றுக் கொள்கை தளர்ந்தது. நீர்க் கொள்கை வலிவுற்றது.

முதலில் ஸ்நோவின் கருத்திற்கு மாறாகத் தோன்றிய செய்தியும் ஒன்றுண்டு. இறந்தோருள் பத்துப்பேர் வேறு பம்புகளுக்கு அருகில் வாழ்ந்தவர். இது கண்டு அவர் தம் கருத்தைக் கைவிடவும் இல்லை. இச்செய்தியை மறைக்கவும் இல்லை. அவ்வீடுகளுக்கே சென்று வினவினார். ஐந்து குடும்பத்தார், தாம் பிராடு தெரு நீரையே விரும்பித் தருவித்ததாகக் கூறினர். வேறு மூவர் அப்பம்பின் அருகிலிருந்த பள்ளியில் பயின்ற சிறுவர். இவ்வாறு, மறுப்பாகத் தோன்றியவற்றுள் பெரும்பகுதி துணையாக மாறிற்று. முரணாகத் தோன்றும் இரு செய்திகளைத் தந்து, "இவை எவ்வாறு பொருந்தும்?" என்று கேட்கும் வினாக்கள் நுழைவுத் தேர்வுகளில் உண்டு. அவற்றிற்கு விடை காணும் முறையும் இதுவே. இரு செய்திகளுள் ஒன்றைப் பொய்யென்று தள்ளுதல் கூடாது. இரண்டையும் உண்மையென ஏற்று, இரண்டையும் ஒருங்கே விளக்கும் மூன்றாவது செய்தியைத் தேடுதல் வேண்டும்.

செப்டம்பர் 8ஆம் நாள், ஸ்நோவின் வேண்டுகோளின்படி அப்பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. நோயும் ஓய்ந்தது. "கைப்பிடியைக் கழற்றினர், நோய் நின்றது, ஆகவே, கழற்றியதே நோய் நின்றமைக்குக் காரணம்" என்று இன்றும் பலர் கூறுவர். இது நாம் முன்னர்க் கண்ட போக்குவரத்து விளக்கின் வாதம் போன்றதே அன்றோ? கைப்பிடி கழற்றப்படுமுன்னரே நோய் பெரிதும் தணிந்திருந்தது. மக்களுள் பலர் அப்பகுதியைவிட்டு ஓடிவிட்டனர். ஆதலால், அச்செயலின் பயன் இத்துணை என்று அறுதியிட முடியாது என்பதை ஸ்நோவே எழுதிவைத்துள்ளார். தமக்குப் புகழ் தரும் சான்றேயாயினும், அது முடிவைத் தாங்காதபோது தாங்காது என்று ஒப்புக்கொண்ட அப்பெருந்தகையின் நேர்மை போற்றத்தக்கது.

அப்பகுதியில் தொண்டு புரிந்த ஹென்றி ஒயிட்ஹெட் என்னும் பாதிரியார், ஸ்நோவின் கருத்து பிழை என்று காட்டும் நோக்கத்துடன் தாமே வீடுவீடாகச் சென்று ஆராய்ந்தார். சான்றுகள் அவரை எதிர்த்திசையில் கொண்டுசென்றன. பம்பிற்கு அருகிலிருந்த வீட்டில் ஒரு குழந்தை முன்னரே நோயுற்றதையும், அதன் துணிகளை அலசிய நீர் கிணற்றை அடுத்த கழிவுத்தொட்டியில் சேர்ந்ததையும் அவர் கண்டறிந்தார். தோண்டிப் பார்த்தபோது, தொட்டியிலிருந்து கிணற்றிற்குக் கசிவு இருந்தமை வெளிப்பட்டது. தம் விருப்பத்திற்கு மாறான முடிவை அவர் ஏற்றுக்கொண்டார். தேர்வெழுதும் மாணவனுக்கும் இப்பண்பே வேண்டும். பத்தி கூறும் கருத்து தனக்கு உவப்பானதாயின் அதன் குறையைக் காணாமலும், உவப்பற்றதாயின் அதன் நிறையைக் காணாமலும் போதல் மனித இயல்பு. அவ்வியல்பை அடக்குதலே இத்தேர்வின் அடிப்படைப் பயிற்சி.

இனி, வினா வகைகளுள் மேலும் இரண்டை நோக்குவோம். எடுகோளைக் கேட்கும் வினாவிற்கு உறுதியான சோதனை ஒன்றுண்டு. எடுகோள் என்று தோன்றும் விடையை எதிர்மறையாக மாற்றிப் பார்த்தல் வேண்டும். மாற்றியவுடன் வாதம் இடிந்து விழுந்தால், அதுவே எடுகோள். விழாமல் நின்றால் அது எடுகோள் அன்று. "வேறு மாறுதல் நிகழவில்லை" என்பதை "விபத்தைக் குறைத்த வேறு மாறுதல் நிகழ்ந்தது" என்று மாற்றினால், விளக்கே காரணம் என்னும் வாதம் நில்லாது. தூணை எடுத்தால் கூரை விழுமாயின், அக்கூரையைத் தாங்கியது அத்தூணே என்பதில் ஐயமில்லை.

மற்றொன்று, தந்த செய்திகளிலிருந்து உறுதியாகப் பெறத்தக்க முடிவு யாது எனக் கேட்கும் வினா. இங்கே நாம் வாதத்தை ஆராய்வதில்லை. தந்தவற்றை முற்றும் உண்மையென ஏற்று, அவற்றின் எல்லைக்குள்ளேயே நிற்கின்றோம். "மன்றத்தின் உறுப்பினர் அனைவரும் ஆசிரியர், ஆசிரியருள் சிலர் கவிஞர்" என்பன தரப்பெற்றால், "மன்றத்தில் கவிஞர் உளர்" என்று கூற இயலாது. கவிஞராகிய ஆசிரியர் மன்றத்திற்கு வெளியே இருத்தல் கூடும். "அனைத்தும்", "ஒருபோதும்", "மட்டுமே" என்னும் வன்சொற்களுடைய விடைகளை இவ்வகை வினாவில் ஐயத்துடன் நோக்குக. "சில", "கூடும்" என்னும் மென்சொற்களுடைய விடைகள் தந்த செய்தியின் எல்லைக்குள் அடங்குதல் எளிது. ஆனால், வாதத்தைத் தளரச் செய்யும் வினாவிற்கு இவ்விதி பொருந்தாது. அங்கே வலிய சான்றே வேண்டப்படுவது.

மாணவரை அடிக்கடி வீழ்த்தும் குழிகள் சிலவற்றையும் அறிந்திருத்தல் நன்று. விழுக்காட்டையும் எண்ணிக்கையையும் ஒன்றெனக் கொள்ளுதல் அவற்றுள் ஒன்று. ஒரு பள்ளியின் தேர்ச்சி 80 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காடாக உயர்ந்தது என்றால், தேர்ச்சி பெற்றோர் தொகையும் உயர்ந்தது என்று பலர் கருதுவர். முதலாண்டில் 200 பேரும், அடுத்த ஆண்டில் 100 பேரும் தேர்வெழுதியிருந்தால், தேர்ச்சி பெற்றோர் 160இலிருந்து 90ஆகக் குறைந்துள்ளனர்!

நம் கண்ணிற்படாதவற்றை மறந்துவிடுதல் மற்றொரு குழி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆபிரகாம் வால்டு என்னும் கணித அறிஞர், அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த புள்ளியியல் ஆராய்ச்சிக் குழுவில் பணியாற்றினார். போரிலிருந்து திரும்பிய விமானங்களில் குண்டு பட்ட இடங்களைக் கொண்டு, விமானத்தின் எப்பகுதி அழிவிற்கு எளிதில் இடந்தருவது என்பதை அவர் கணித்தார். திரும்பிய விமானங்களில் குண்டுத் துளைகள் மிகுந்த இடமே காக்க வேண்டிய இடம் என்று பாமரர் எண்ணுவர். ஆனால், அவ்விடங்களில் அடிபட்டும் அவ்விமானங்கள் திரும்பிவந்துள்ளன அன்றோ? குண்டுகள் எல்லாப் பகுதிகளிலும் பட்டிருக்கும். திரும்பியவற்றில் துளைகள் அரிதாகக் காணப்படும் பகுதியில் அடிபட்டவை, திரும்பி வாராமல் வீழ்ந்தன என்பதே பொருள். காண்பனவற்றை மட்டுமன்றிக் காணாதனவற்றையும் கணக்கிற் கொள்ளுதல் அறிவுடைமை.

காலத்தைப் பயன்படுத்தும் முறையும் அறியத்தக்கது. ஜிமேட் தேர்வின் மொழிப் பகுதியில் இப்பொழுது 45 நிமிடங்களில் 23 வினாக்களுக்கு விடையளித்தல் வேண்டும். ஒரு வினாவிற்கு இரண்டு நிமிடத்திற்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். கிளாட் தேர்விலோ இரண்டு மணி நேரத்தில் 120 வினாக்கள். ஆதலால், ஒரே வினாவில் அழுந்திவிடுதல் கூடாது. தகாத விடைகளை நீக்கிக்கொண்டே வந்து, எஞ்சி நிற்பவற்றை மட்டும் ஒப்பிட்டு நோக்குதல் விரைவிற்குத் துணைசெய்யும். ஐயமுற்ற வினாவை விட்டுவிடுவதா, ஊகித்து எழுதுவதா என்பது அவ்வத் தேர்வின் விதியைப் பொறுத்தது. எல்சாட் தேர்வில் பிழையான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆகவே, ஒன்றையும் விடாமல் எழுதலாம். கிளாட் தேர்வில் பிழையான விடை ஒவ்வொன்றிற்கும் கால் மதிப்பெண் குறையும். ஆகவே, சில விடைகளையேனும் உறுதியாக நீக்கிய பின்னரே ஊகித்தல் தக்கது.

பயிற்சி எவ்வாறு அமைதல் வேண்டும்? நூறு வினாக்களை விரைந்து செய்து, சரியானவற்றை எண்ணி மகிழ்வதனால் பயனில்லை. பத்து வினாக்களைச் செய்து, ஒவ்வொரு விடையும் ஏன் சரி, ஏன் பிழை என்று ஒரு குறிப்பேட்டில் தன் சொற்களால் எழுதுவதே பயன் தரும். சில வாரங்களில் அக்குறிப்பேடு ஒரு கண்ணாடியாகிவிடும். ஒருவன் முடிவைக் காணாமல் தவறுவான்; ஒருவன் வாதம் கூறாததை மறுத்துத் தவறுவான்; ஒருவன் தன் சொந்தக் கருத்தைப் புகுத்தித் தவறுவான். தன் தவறு எவ்வகையது என்று அறிந்தவன், அதனை எளிதில் திருத்திக்கொள்வான்.

நுழைவுத் தேர்வு வாழ்வில் ஒருமுறையோ இருமுறையோ வருவது. ஆனால், வாதங்கள் நாள்தோறும் நம்மிடம் வருகின்றன. "இம்மருந்தை உண்டவர் நலம் பெற்றனர்" என்று ஒரு விளம்பரம் கூறும். உண்ணாதவரும் நலம் பெற்றனரா என்பதை அது கூறாது. "எங்கள் ஆட்சியில் நாடு வளர்ந்தது" என்று ஒரு மேடை முழங்கும். வளர்ச்சிக்கு வேறு காரணம் உண்டா என்பதை நாமே ஆராய்தல் வேண்டும். அன்று இலண்டன் மக்கள் காற்றை அஞ்சினர்; தண்ணீரை அஞ்சவில்லை. பிழையான முடிவிற்கு அவர்கள் கொடுத்த விலை உயிர். ஆதலால், மாணவர்களே! எவர் எதனைக் கூறினும், "முடிவு யாது? ஏது யாது? இவ்விரண்டையும் இணைக்கும் பாலம் உறுதியானதா?" என்று வினவிப் பழகுங்கள். பிறர் கூற்றை ஆராய்வது போன்றே உங்கள் கூற்றையும் ஆராயுங்கள். அவ்வாறு பழகிய மாணவர்க்கு அத்தேர்வும் எளிதாகும். வாழ்வில் மெய்யையும் போலியையும் பிரித்தறிதலும் கைகூடும்.